கடையில் பூசணிக்காய் வந்தாச்சு, நூல்கோல் விதை எங்கே?

ஜூலை பாதி தாண்டியதும் எங்கள் ஊர்க் கடைகளில் விதை ஸ்டாண்டுகளை எடுத்துவிடுவார்கள். எங்கள் ஊர் என்பது அமெரிக்காவில், வட கரோலைனா மாநிலத்தின் ராலே பகுதி. மார்ச்சில் கடைக்குள் நுழைந்தாலே வழியை மறித்துக்கொண்டு நிற்கும் அதே ஸ்டாண்டுகள்தான். தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி, சூரியகாந்தி என்று ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். ஆகஸ்டில் போனால் அந்த இடத்தில் அலங்காரப் பூசணிக்காயும் வைக்கோல் பொம்மையும் உட்கார்ந்திருக்கும். செப்டம்பரில் சாமந்தித் தொட்டிகள். அக்டோபர் முடிவதற்குள் கிறிஸ்துமஸ் மரமே வந்துவிடும்.

சாமந்தி விற்கட்டும், பூசணி விற்கட்டும், நானே இரண்டையும் வாங்குகிறவள்தான். காய்கறி போடுகிறவர்களுக்கு விதை தேவைப்படுகிற வாரங்கள் எவையோ, சரியாக அந்த வாரங்களில் கடையில் விதை இல்லாமல் போவதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆகஸ்டில் போய் நூல்கோல் விதை கேட்டுப் பாருங்கள். இங்கே அதற்குக் கோல்ராபி என்று பெயர். கடைப் பையன் முதலில் அது என்ன என்பான். போனில் படம் காட்டினால், "ஓ, தோட்ட சீசன் முடிந்துவிட்டதே, மார்ச்சில் வாருங்கள்" என்பான். அவன் மேல் தப்பில்லை. அவன் கடைக்கு சீசன் முடிந்துவிட்டது. என் பாத்திக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

இந்தப் பக்கத்தில் குளிர்காலக் காய்கள் போட வருஷத்தில் இரண்டு வாய்ப்பு உண்டு. முதலாவது பிப்ரவரி, மார்ச். அது அவசரக் கோலம். முட்டைகோஸும் ப்ரோக்கோலியும் தேறி வருவதற்குள் மே மாத வெயில் வந்துவிடும். கொத்தமல்லியை நாலு தடவை கிள்ளுவதற்குள் தண்டு நீட்டிப் பூத்துவிடும். இரண்டாவது இலையுதிர்காலம். செடி வெயிலில் முளைத்து, நாளுக்கு நாள் இதமாகிக்கொண்டே போகும் பருவத்தில் வளரும். களை அடங்கிவிடும், தண்ணீர் குறைவாகப் போதும், நவம்பருக்கு மேல் பூச்சியும் ஓய்ந்துவிடும். லேசான உறைபனி பட்டால் காலர்டு, கேல் என்ற முட்டைகோஸ் வகைக் கீரைகள், கேரட் எல்லாம் இனிக்கும். குளிரைத் தாங்க, செடி தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் வரும் இனிப்பு அது. ஜனவரியில் பிடுங்கிய கேரட்டைக் கழுவிக் கடித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், தென்கிழக்கு மாநிலங்களில் இருப்பவர்கள் ஒரே ஒரு சீசன்தான் தோட்டம் போட முடியும் என்றால் இலையுதிர்காலத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதற்கு நாள் கணக்கு கறார். எங்கள் பகுதியில் முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ விழும். நவம்பர் 1 என்று வைத்துக்கொள்வோம். ப்ரோக்கோலி பாக்கெட்டில் 60 நாள் என்று போட்டிருந்தால், அது நாற்றை நட்ட நாளிலிருந்து 60 நாள். இலையுதிர்காலத்தில் பகல் குறுகிக்கொண்டே போவதால் செடி மெதுவாகத்தான் வளரும், அதற்காக இன்னும் 14 நாள் சேர்க்கச் சொல்வார்கள். அப்படியானால் நடவு ஆகஸ்ட் 19-க்குள். நாற்று வளர ஐந்து வாரம். ஆக விதை மண்ணில் விழ வேண்டிய நாள் ஜூலை 15. ப்ரோக்கோலி கொஞ்சம் பனி தாங்கும் என்பதால் ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான்.

ஜூலை 15 என்றால் ஆடி பிறக்க ஓரிரு நாள் இருக்கிறது. ஊரில் ஆடிப்பட்டத்துக்கு விதைப்பதற்குக் காரணம் மழை, இங்கே காரணம் பனி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நாள்காட்டியில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்பது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆடி பிறந்தால் நாற்று ட்ரே வெளியே வந்தாக வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. கடைகள்தான் அதே வாரத்தில் விதையை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

சரி, விதைதான் இல்லை, நாற்றாவது கிடைக்குமா? கிடைக்கும். செப்டம்பர் கடைசியில், சாமந்திக்குப் பக்கத்தில், ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். என்னைக் கோபப்படுத்துவது இந்த இடம்தான்.

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, முதல் வீடு, முதல் தோட்டம், ஆசை ஆசையாக அப்படி ஒரு ட்ரே ப்ரோக்கோலி நாற்று வாங்கி வந்து நட்டாள். இடம் போதாமல் மிச்சமிருந்த நாற்று ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். குழியிலிருந்து மெதுவாக உருவிப் பார்த்தேன். மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளை வேர் சுற்றிச் சுற்றி, பாய் முடைந்தது மாதிரி இறுகி, குழியின் வடிவத்திலேயே நின்றது. அடி இலைகள் வெளுத்து மஞ்சள். மேல் இலைகளின் ஓரம் கத்திரிப்பூ நிறம். தண்டு பென்சில் மொத்தத்துக்குக் கட்டைபாய்ந்து போயிருந்தது. கடையில் எத்தனை வாரம் ஒரு வேளை தண்ணீரோடு நின்றதோ! இப்படிப் பட்டினி கிடந்த நாற்று, நிலத்துக்கு வந்ததும் வளர யோசிக்காது, உயிர் போவதற்குள் பூத்துவிட வேண்டும் என்றுதான் பார்க்கும். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை சமயத்தில் அவள் செடிகளில் கால் டாலர் காசு அளவுக்குப் பூ வைத்தது. அதற்கு மேல் வளரவில்லை.

"எனக்குக் கைராசி இல்லக்கா" என்றாள்.

"ஏம்மா, உன் கையில ஒரு குறையும் இல்ல. உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தச் செடி கெட்டுப்போச்சு" என்றேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

அதே ட்ரேக்களுக்குப் பக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் (குட்டி முட்டைகோஸ் மாதிரி இருக்கும் காய்) நாற்றும் இருந்தது. நட்டதிலிருந்து 90 நாளுக்கு மேல் கேட்கிற செடி. செப்டம்பர் கடைசியில் அதை வாங்கி நடுகிறவர் எப்போது காய் பார்ப்பார்? எங்கள் ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை பகல் பொழுது பத்து மணி நேரத்துக்கும் கீழே போய்விடும், அந்த நாட்களில் செடி சாகாது, ஆனால் வளரவும் வளராது. இதெல்லாம் விற்கிறவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. மே மாதம் கொத்தமல்லிச் செடி விற்பதும் இதே கதைதான். வாங்குகிறவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் தோட்டமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். இப்படி விட்டவர்களை எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் விதை ஸ்டாண்டுக்குக் கடை முன்பணம் கொடுப்பதில்லை. விற்றதற்குப் பணம், விற்காததை விதைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும். வசந்தகால வியாபாரம் ஓய்ந்ததும் கணக்கை முடித்துவிடுவார்கள், அந்த இடம் அடுத்த பண்டிகைச் சரக்குக்குப் போய்விடும். நாற்று வளர்க்கிறவர்கள் பாடும் லேசில்லை. ஜூலை வெயிலில் முட்டைகோஸ் வகை நாற்றை நெட்டையாகப் போகாமல், வெள்ளைப் பட்டாம்பூச்சியின் பச்சைப் புழு தின்னாமல் வளர்த்து எடுப்பது பெரிய பாடு. அவ்வளவு பாடுபட்டு ஆகஸ்டில் கொண்டுவந்து வைத்தால், 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் வாங்க ஆள் வருவதில்லை. சாமந்தி வாங்க வரும் செப்டம்பர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நாற்றும் வருகிறது. புரிகிறது. ஆனால் ஸ்டாண்டில் ஒரே ஒரு வரிசையை, வேண்டாம், ஒரு சின்ன டப்பாவை, செப்டம்பர் வரை விட்டுவைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? திருப்பி அனுப்பும் விதை கெட்டுப்போனதும் இல்லை. பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி விதையைக் கொன்றுவிடாது. முட்டைகோஸ், ப்ரோக்கோலி, நூல்கோல் விதைகள் உலர்ந்த குளிர்ந்த இடத்தில் நாலு வருஷம்கூடத் தாங்கும், கேரட் மூன்று வருஷம். வெங்காய விதைக்குத்தான் ஆயுள் குறைவு, ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விடும்.

விதைப் பாக்கெட்டின் முதுகும் வசந்தகாலத்தைத்தான் பேசும். "கடைசி உறைபனிக்கு நாலு வாரம் முன்பு" என்று எழுதியிருக்கும். முதல் உறைபனிக்கு எத்தனை வாரம் முன்பு என்று சொல்லும் பாக்கெட் அபூர்வம். கூடவே ஒரு வண்ண வரைபடம், எந்த நிறத்துக்கு எந்த மாதம் என்று. அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டல வரைபடமும் இதற்கு உதவாது. 2023 நவம்பரில் புதுப்பித்தார்கள், எங்கள் பக்கம் பல இடங்கள் 7-இலிருந்து 8-க்கு மாறின, எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். ஆனால் குளிர்காலத்தில் எவ்வளவு கீழே போகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. முதல் பனி எப்போது விழும் என்று அதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கத் துறை வெளியிடும் நடவு அட்டவணையைப் பார்க்க வேண்டும். அட்டவணை அருமையானது, இலவசம். அதைப் படித்துவிட்டு ஆகஸ்டில் கடைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஆறுதலாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. நகரத்தை விட்டு முக்கால் மணி நேரம் போனால் சின்ன ஊர்களில் பழைய தீவனக் கடைகள் இருக்கின்றன. கோழித் தீவனம், குதிரைத் தீவனம், வேலிக் கம்பி, கூடவே விதை. இங்கே விதை பாக்கெட்டில் இல்லை. மர அலமாரியில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கும். சின்ன அலுமினிய முகவையால் அள்ளி, தராசில் போட்டு, அவுன்ஸ் கணக்கில் பழுப்புக் காகிதப் பையில் மடித்துக் கொடுப்பார்கள். நான் டர்னிப் விதை கேட்டபோது கல்லாவில் இருந்த பெரியவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "கீரைக்கா, கிழங்குக்கா?" கீரைக்கு என்றால் செவன் டாப், கிழங்குக்கு என்றால் பர்ப்பிள் டாப். செவன் டாப்பில் கிழங்கே சரியாக இறங்காது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆள் நகரத்துக் கடையில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆகஸ்டில்தான் அந்தக் கடைக்குச் சுறுசுறுப்பே. ஏனென்றால் இந்த மண்ணின் மக்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், காலர்டும் கடுகுக் கீரையும் டர்னிப்பும் காலம் காலமாக இந்தப் பருவத்தில்தான் விதைக்கிறார்கள். கிழக்கு வட கரோலைனாவில் ஏய்டன் என்ற சின்ன ஊரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் காலர்டு கீரைக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்து மஞ்சள் காலர்டு விதையைக் குடும்பம் குடும்பமாக எடுத்து வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆக இலையுதிர்காலத் தோட்டம் இங்கே யாரோ புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பெரிய கடைகள் எல்லா ஊருக்கும் ஒரே வசந்தத்தை விற்கத் தொடங்கியதில் அது ஓரத்துக்குப் போய்விட்டது. தீவனக் கடைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு விதைக் கடை நம் எல்லோர் சமையலறையிலும் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டி. வெந்தயத்தைத் தூவி மண்ணைப் போட்டு மூடினால் நாலைந்து நாளில் பச்சை தெரியும். கடுகு போட்டால் கடுகுக் கீரை. தனியாவில் உருண்டை ஒன்றுக்குள் இரண்டு விதை இருக்கும், சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ராத்திரி ஊறவைத்து, செப்டம்பர் பாதியில் போட்டால் டிசம்பர் வரை கொத்தமல்லி வாங்க வேண்டாம். இந்திய மளிகைக் கடையில் வாங்கும் எல்லாத் தனியாவும் முளைக்காது. மசாலாப் பொருளைக் கிருமி நீக்க ஆவியிலோ கதிர்வீச்சிலோ காட்டியிருந்தால் விதை செத்திருக்கும். அதனால் முதலில் பத்து விதையை ஈரக் காகிதத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஏழெட்டு வந்தால் தாராளமாகத் தூவலாம்.

ஆனால் அஞ்சறைப்பெட்டியில் நூல்கோல் இல்லை, பீட்ரூட் இல்லை, காலிஃபிளவர் இல்லை. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவிடம் விதை கொண்டுவரச் சொல்லலாமே என்பார்கள். தாவர நலச் சான்றிதழோ, சிறு அளவு விதைக்கான முன் அனுமதியோ இல்லாமல் விதையை இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் அவர்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வராது. அதோடு ஊர் விதைகள் பெரும்பாலும் வெயில் காய்கள், இந்த சீசனுக்கு ஆகவும் ஆகாது.

மிச்சமிருப்பது தபால். சொல்லப்போனால் குடியேறி வந்தவர்கள் சாப்பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்ததே இங்கே தபால் விதைதான். ஜப்பானியக் காய்கறி விதைகளுக்காகக் கிதஸாவா என்ற கம்பெனி 1917-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தபோது கடையை மூட வேண்டிவந்தது. போர் முடிந்ததும் மறுபடி திறந்தார்கள். நமக்குப் பழக்கமான நீள வெள்ளை முள்ளங்கியை நான் அவர்கள் விதைப் பட்டியலில் பார்த்துத்தான் எடுத்தேன். தெற்கத்திக் கீரைகளுக்கும் பூண்டுக்கும் வர்ஜீனியாவில் 1982-இல் தொடங்கிய சதர்ன் எக்ஸ்போஷர் விதைப் பரிமாற்ற அமைப்பு நல்ல இடம். இலையுதிர்கால விதைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள்.

தபாலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஆகஸ்டில் ஆர்டர் போட உட்கார்ந்தால் வேண்டிய ரகம் தீர்ந்துபோயிருக்கும். இருக்கும் ரகத்துக்கு, பாக்கெட் விலையைவிடத் தபால் செலவு அதிகம். வந்து சேர்ந்தாலும், வெயிலில் கொதிக்கும் தகரத் தபால் பெட்டியில் சாயங்காலம் வரை கிடந்தால் விதை வெந்துவிடும். பூண்டு இன்னும் மோசம். அக்டோபரில் நட வேண்டிய பூண்டுக்கு ஜூன், ஜூலையிலேயே பணம் கட்டி வைத்தால்தான் உண்டு.

விதை கைக்கு வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது, அதையும் யாரும் பாக்கெட்டில் எழுதுவதில்லை. சாலட் கீரையான லெட்யூஸின் விதை, மண் சூடு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உறங்கிவிடும். ஆகஸ்டில் எங்கள் மண் அதற்கும் மேல். ஸ்பினாச்சும் அப்படித்தான். ஈரக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, வேர் முனை எட்டிப் பார்த்ததும் எடுத்துச் சாயங்காலம் நட வேண்டும். கேரட்டை நேராகப் பாத்தியில் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே ஒரு பலகையை மூடி வைக்க வேண்டும், தினமும் தூக்கிப் பார்த்து, முளை தெரிந்த அன்றே பலகையை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிறிச் சாய்ந்துவிடும்.

அதனால் இப்போது நான் இலையுதிர்கால விதையை பிப்ரவரியிலேயே வாங்கிவிடுகிறேன். எல்லோரும் தக்காளிக்கு முண்டியடிக்கும்போது நூல்கோல், ப்ரோக்கோலி, பீட்ரூட், கேரட் பாக்கெட்டுகளை எடுத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வைத்துவிடுவேன். இது தெரிந்தவர்களுக்குச் சரி. ஆகஸ்டில் ஆசை வந்து கடைக்குப் போகிறவருக்கு? ஆசை அப்போதுதானே வரும்? அவரைப் பிப்ரவரியில் வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்வது என்ன நியாயம்? அதனால் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு நூல்கோல் பாக்கெட்டில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும், எந்த வீட்டுக்கும் அவ்வளவு தேவையில்லை. ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். நாற்று நான் போடுகிறேன், கொல்லை மரத்தடி நிழலில், வலை போட்டு மூடி. ஆகஸ்ட் பாதியில் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். கைராசி இல்லை என்ற கோயம்புத்தூர்ப் பெண் போன வருஷம் என்னிடமிருந்து எடுத்துப்போன நூல்கோல் நாற்றில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. காய் டென்னிஸ் பந்து அளவு வந்ததுமே அறுத்துவிட்டாள், அதற்கு மேல் விட்டால் நார் விழும். தோலைச் சீவி, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நவராத்திரி இங்கே பூண்டு நடும் பருவத்தை ஒட்டித்தான் வருகிறது. இந்த வருஷம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு பூண்டும், ஒரு பொட்டலம் தனியாவும், லெட்யூஸ் நாற்று இரண்டும் கொடுப்பதாக இருக்கிறேன். பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னால் நட்டுவிட வேண்டும் என்று ஒரு சீட்டும் பையில் இருக்கும். பூண்டுக்கு ஜூனிலேயே பணம் கட்டிவிட்டேன்.